புதிய அணியின் பழைய வேர்கள்

2021 அக்டோபர் 25 அன்று துபாயில் உறைகள் பிரிக்கப்பட்டன. ஐபிஎல் போட்டியில் இரண்டு புதிய அணிகளைச் சேர்ப்பதற்காக இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் ஒப்பந்தப்புள்ளி கோரியிருந்தது. அடிப்படை விலை 2,000 கோடி ரூபாய். லக்னோவுக்காக ஆர்பிஎஸ்ஜி குழுமம் 7,090 கோடி ரூபாய் கேட்டிருந்தது. அகமதாபாத்துக்காக சிவிசி கேபிடல் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 5,625 கோடி ரூபாய் கேட்டிருந்தது. ஒரே நாளில் வாரியத்துக்கு 12,715 கோடி ரூபாய் உறுதியானது.

5,625 கோடிக்கு சிவிசி வாங்கியதில் ஒரு மைதானம் இல்லை. ஒரு வீரர் இல்லை. அணிக்கு ஒரு பெயர்கூட இல்லை. ஆண்டுதோறும் அந்தப் போட்டியில் ஆடுவதற்கான உரிமை, ஊடக வருவாயில் ஒரு பங்கு, ஒரு நகரத்தை அடையாளமாகச் சூட்டிக்கொள்ளும் அனுமதி ஆகியவைதான் கைமாறின. ‘குஜராத் டைட்டன்ஸ்’ என்ற பெயர் 2022 பிப்ரவரி 9 அன்றுதான் அறிவிக்கப்பட்டது. வீரர்கள் ஏலத்துக்கு அப்போது மூன்று நாட்களே மீதமிருந்தன.

மே 29 அன்று அதே அணி கோப்பையைத் தூக்கியது.

உறை பிரித்த நாளிலிருந்து கோப்பை வென்ற நாள்வரை ஏழு மாதம். இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு வெற்றி அணி எப்படி உருவாகிறது? பணம் என்பார்கள் சிலர், அதிர்ஷ்டம் என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே போதிய விளக்கம் ஆகா. பணத்தைக் கொட்டிய புதிய அணிகள் சில ஆண்டுகளில் காணாமல் போன வரலாறு ஐபிஎல்லுக்கு உண்டு. அதிர்ஷ்டம் ஓர் ஆட்டத்தை வென்று தரும், பதினாறு ஆட்டங்களுக்குத் துணை வராது. குஜராத் டைட்டன்ஸின் கதையைக் கூர்ந்து பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரிகின்றன. முதலாவது, அணியைத் தாங்கி நிற்கும் வணிக ஏற்பாடு. இரண்டாவது, ஏலத்திலும் களத்திலும் எடுக்கப்பட்ட கிரிக்கெட் முடிவுகள். மூன்றாவது, அந்த வீரர்களைப் பல ஆண்டுகளாக வளர்த்தெடுத்த உள்ளூர் கழகங்கள், மாநிலச் சங்கங்கள், பயிற்சியாளர்கள் ஆகியோரின் உழைப்பு. முதல் இரண்டைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. மூன்றாவது அடுக்கு எவருடைய வரவுசெலவுக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை.

காணாமல் போன அணிகள்

2008 ஜனவரியில் ஐபிஎல்லின் முதல் எட்டு அணிகள் விற்கப்பட்டன. மும்பை 11.19 கோடி டாலருக்கும், சென்னை 9.1 கோடி டாலருக்கும் போயின. எல்லாவற்றிலும் குறைந்த விலை ஜெய்ப்பூருக்கு, 6.7 கோடி டாலர். அந்த மலிவான அணிதான், ஷேன் வார்ன் தலைமையில், சென்னையைக் கடைசிப் பந்தில் வென்று முதல் கோப்பையைக் கைப்பற்றியது. விலைக்கும் வெற்றிக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது.

ஆனாலும் 2010 மார்ச்சில் சென்னையில் அடுத்த இரண்டு அணிகள் ஏலத்துக்கு வந்தபோது விலை எகிறியது. சகாரா குழுமம் புனேவை 37 கோடி டாலருக்கு வாங்கியது. பல பங்குதாரர்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு கொச்சியை 33.33 கோடி டாலருக்கு வாங்கியது. எட்டு அணிகளையும் 2008இல் விற்ற மொத்தத் தொகைக்கு அருகில் இந்த இரண்டு அணிகளின் விலை வந்து நின்றது.

கொச்சி டஸ்கர்ஸ் கேரளா அணியில் மகேல ஜயவர்தன தலைவர். முத்தையா முரளிதரன், பிரெண்டன் மெக்கல்லம், வி.வி.எஸ். லட்சுமண் என்று பெயர்களுக்குக் குறைவில்லை. கால்பந்தை நேசிக்கும் கேரளத்தில் கிரிக்கெட்டுக்கு ஒரு சொந்த அணி கிடைத்த மகிழ்ச்சி மைதானத்தில் தெரிந்தது. உரிமையாளர்களுக்கு இடையிலோ பங்குப் பிரச்சினை தொடக்கத்திலிருந்தே புகைந்துகொண்டிருந்தது. வாரியம் கேட்ட வங்கி உத்தரவாதம் வந்துசேரவில்லை. 2011 செப்டம்பரில் அணியின் ஒப்பந்தம் ரத்தானது. ஆடியது ஒரே ஓர் ஆண்டு. வழக்கு மட்டும் நீண்டது. உரிமையாளர்களுக்குச் சாதகமாக வந்த 538 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட நடுவர் தீர்ப்பை 2025 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. அணி ஆடிய காலத்தைவிட அதன் வழக்கு பத்து மடங்குக்கும் மேல் நீண்ட காலம் நடந்திருக்கிறது.

புனே வாரியர்ஸ் மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 94 ஆட்டங்கள் கொண்ட தொடர் என்று நம்பி விலை கேட்டோம், நடப்பதோ 74 ஆட்டங்கள்தான், ஆகவே கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்பது சகாராவின் முறையீடு. 2013இல் அந்த அணியும் விலகியது. 2009இல் கோப்பை வென்ற டெக்கான் சார்ஜர்ஸ் 2012இல் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் சென்னையைச் சேர்ந்த சன் டிவி நிறுவனம் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்தைத் தொடங்கியது. சென்னை, ராஜஸ்தான் அணிகளின் இடைநீக்கத்தால் 2016இல் பிறந்த குஜராத் லயன்ஸ், சுரேஷ் ரெய்னா தலைமையில் முதல் ஆண்டே புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே என்ற நிபந்தனையோடு வந்த அணி என்பதால் 2017இல் அதன் ஆயுள் முடிந்தது.

இந்தப் பட்டியலில் நல்ல வீரர்கள் இல்லாமல் அழிந்த அணி ஒன்றுகூட இல்லை. ஒப்பந்தத்தின் அமைப்பும் வருவாயும் கட்டணமும் பொருந்தாமல் போனதே பொதுக் காரணம்.

2021இல் வாங்கியவர்களின் நிலை வேறு. 5,625 கோடி ரூபாயைப் பத்து ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 562.5 கோடி. அன்று நடப்பில் இருந்த ஊடக உரிமை ஒப்பந்தம் 2018 முதல் 2022 வரை 16,347.5 கோடி ரூபாய்க்கானது. அதில் ஏறத்தாழ பாதி அணிகளுக்குப் பகிரப்படும் என்று கொண்டால் பத்து அணிகளில் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்குச் சுமார் 163 கோடிதான் தேறும். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் சிவிசி தலையைக் கொடுத்துவிட்டது என்றார்கள். 2022 ஜூனில் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கான உரிமை 48,390 கோடிக்குப் போனது. அதே கணக்கில் ஒவ்வோர் அணியின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 484 கோடியாக உயர்ந்தது. நுழைவுச்சீட்டு, சீருடை விளம்பரம், மற்ற விளம்பரதாரர்கள் வழியாக வருவதையும் சேர்த்தால் கட்டணத்தைக் கட்டுவது சுமையாக இருக்காது. ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தைப் பத்தாண்டு கையில் வைத்திருந்து விற்ற நிறுவனம் சிவிசி. விளையாட்டு உரிமைகளின் விலை எந்தத் திசையில் போகும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. 2025இல் அணியின் 67 சதவீதப் பங்கை அகமதாபாத்தின் டோரண்ட் குழுமத்துக்குக் கைமாற்றியது.

பயிற்சியாளர்களும் வீரர்களும் நாளை சம்பளம் வருமா என்று யோசிக்காமல் ஆட இந்த ஏற்பாடு வழிவகுத்தது. கோப்பையின் முதல் அடுக்கு இது.

52 கோடியும் இரண்டு நாட்களும்

ஏலத்துக்கு முன்பே மூன்று வீரர்களைத் தேர்ந்துகொள்ளப் புதிய அணிகளுக்கு அனுமதி இருந்தது. குஜராத் ஹார்திக் பாண்டியாவையும் ரஷீத் கானையும் தலா 15 கோடிக்கும், ஷுப்மன் கில்லை 8 கோடிக்கும் எடுத்தது. மூவருமே பழைய அணிகள் தக்கவைத்துக்கொள்ளாமல் விட்டவர்கள். ஹார்திக் முதுகுக் காயத்துக்குப் பிறகு பந்துவீசுவதையே குறைத்திருந்தார். ஐபிஎல்லில் எந்த அணிக்கும் அவர் அதற்கு முன் தலைமை ஏற்றதில்லை. அவரைத் தலைவராக்கியது அந்தப் பருவத்தின் துணிச்சலான முடிவு.

பயிற்சிப் பொறுப்பு ஆஷிஷ் நெஹ்ராவுக்குப் போனது. 2011 உலகக் கோப்பையில் இந்தியப் பயிற்சியாளராக இருந்த கேரி கிர்ஸ்டன் வழிகாட்டியாகவும் பேட்டிங் பயிற்சியாளராகவும் வந்தார். சர்ரே அணியின் பயிற்சியாளராக இருந்த விக்ரம் சோலங்கி கிரிக்கெட் இயக்குநரானார். நெஹ்ராவும் கிர்ஸ்டனும் அந்த உலகக் கோப்பை அணியில் ஒன்றாக வேலை செய்தவர்கள். புதிய அணி என்றாலும் அதன் தலைமைக்குள் பழைய புரிதல் இருந்தது.

மொத்தப் பண வரம்பு 90 கோடி. மூவருக்குக் கொடுத்தது போக 52 கோடியோடு பிப்ரவரி 12, 13 தேதிகளில் பெங்களூரு ஏலத்தில் உட்கார்ந்தார்கள். லாக்கி ஃபெர்குசனுக்கு 10 கோடி, ராகுல் தெவாட்டியாவுக்கு 9 கோடி, முகமது ஷமிக்கு 6.25 கோடி. ரஷீத், ஃபெர்குசன், ஷமி ஆகிய மூன்று பந்துவீச்சாளர்களுக்கு மட்டும் மொத்த வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. பேட்டிங் பலவீனமாக இருக்கிறது என்று ஏலம் முடிந்ததும் விமர்சகர்கள் குறை சொன்னார்கள். முதல் நாளில் எந்த அணியும் கேட்காமல் விட்ட டேவிட் மில்லரையும் விருத்திமான் சாஹாவையும் மேத்யூ வேடையும் இரண்டாம் நாளில்தான் குஜராத் சேர்த்துக்கொண்டது. மில்லருக்கு 3 கோடி, சாஹாவுக்கு 1.9 கோடி.

அந்த ஆண்டு மில்லர் 481 ரன் எடுத்தார். சாஹா தொடரின் இடையில்தான் அணிக்குள் வந்தார், ஆனாலும் 317 ரன் எடுத்தார். ஒவ்வொருவருக்கும் வேலை இதுதான் என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. மில்லர் ஐந்தாம் இடத்தில் ஆடி ஆட்டத்தை முடிப்பார், தெவாட்டியாவும் ரஷீதும் கடைசி ஓவர்களில் அடிப்பார்கள், ஹார்திக் நான்காம் இடத்தில் நின்று இன்னிங்ஸைத் தாங்குவார். மும்பை அணியில் இறுதி ஓவர்களின் அதிரடிக்காரராகப் பெயர் வாங்கிய ஹார்திக், குஜராத்தில் பொறுமையாக ஆடி 487 ரன் சேர்த்தார்.

கடைசி ஓவர் அணி

2022 மார்ச் 28, மும்பை வான்கடே மைதானம். அறிமுக அணிகள் இரண்டும் மோதிய ஆட்டத்தின் முதல் பந்திலேயே லக்னோ தலைவர் கே.எல். ராகுலை ஷமி வீழ்த்தினார். குஜராத் ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. ஏப்ரல் 8 அன்று பஞ்சாபுக்கு எதிராகக் கடைசி இரண்டு பந்துகளில் 12 ரன் தேவை. தெவாட்டியா இரண்டையும் சிக்ஸராக்கினார். ஏப்ரல் 27 அன்று ஹைதராபாத்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் 22 ரன் தேவை. தெவாட்டியா ஒரு சிக்ஸர், ரஷீத் கான் மூன்று சிக்ஸர். ரஷீதை விடுவித்த அணிக்கு எதிராகவே அது நடந்தது. மே 24 அன்று கொல்கத்தாவில் முதல் தகுதிச் சுற்று. ராஜஸ்தானின் 188 ரன்னைத் துரத்தும்போது கடைசி ஓவரில் 16 வேண்டும். மில்லர் முதல் மூன்று பந்துகளையும் சிக்ஸராக அடித்து ஆட்டத்தை முடித்தார்.

பதினான்கு லீக் ஆட்டங்களில் பத்தில் வெற்றி, 20 புள்ளி, பட்டியலில் முதலிடம்.

கோவிட் காரணமாக அந்த ஆண்டு லீக் ஆட்டங்கள் முழுவதும் மும்பையிலும் நவி மும்பையிலும் புனேயிலும் நடந்தன. அகமதாபாத்தின் பெயரால் 5,625 கோடிக்கு வாங்கப்பட்ட அணி தன் ஊரில் ஆடிய முதல் ஆட்டமே இறுதிப் போட்டிதான். அன்று நரேந்திர மோடி மைதானத்தில் கூடிய 1,01,566 பேரை, இருபது ஓவர் ஆட்டமொன்றைக் காண வந்த மிகப் பெரிய கூட்டம் என்று கின்னஸ் நிறுவனம் பதிவு செய்தது. ஹார்திக் 17 ரன்னுக்கு மூன்று விக்கெட் எடுத்தார். சஞ்சு சாம்சனும், அந்த ஆண்டு 863 ரன் குவித்த ஜோஸ் பட்லரும் அவரிடம் வீழ்ந்தவர்கள். ராஜஸ்தான் 130 ரன்னோடு நின்றது. கில் ஒரு சிக்ஸரோடு ஆட்டத்தை முடித்தார். ஐபிஎல் கோப்பை வென்ற முதல் இந்தியத் தலைமைப் பயிற்சியாளர் என்ற பெருமை நெஹ்ராவுக்குக் கிடைத்தது.

சென்னை லீக்கிலிருந்து

அந்த இறுதிப் போட்டியில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு விக்கெட் உண்டு. ராஜஸ்தானின் ரவிச்சந்திரன் அஸ்வினை ஆறு ரன்னில் வெளியேற்றியவர் ஆர். சாய் கிஷோர். இருவரும் சென்னையில் வளர்ந்த சுழற்பந்து வீச்சாளர்கள், ஒரே மாநில அணிக்காக ஆடியவர்கள். அகமதாபாத்தில் குஜராத்தும் ராஜஸ்தானும் மோதிய ஆட்டத்தில் ஒரு கட்டம் தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டின் இரண்டு தலைமுறைகளுக்கு இடையே நடந்தது.

சாய் கிஷோர் 2020, 2021 ஆண்டுகளில் சென்னை சூப்பர் கிங்ஸில் இருந்தார். ஓர் ஆட்டத்தில்கூட வாய்ப்பு வரவில்லை. அதே காலத்தில் தமிழ்நாடு அணி உள்நாட்டு இருபது ஓவர் போட்டியான சையது முஷ்டாக் அலி கோப்பையை அடுத்தடுத்து இரண்டு முறை வென்றது, இரண்டிலும் அவர் இருந்தார். குஜராத் அவரை 3 கோடிக்கு வாங்கி, மே 10 அன்று லக்னோவுக்கு எதிராக முதன்முறை களமிறக்கியது. இரண்டு ஓவர், ஏழு ரன், இரண்டு விக்கெட். லக்னோ 82 ரன்னுக்குச் சுருண்டது. அந்த இரவில்தான் குஜராத் அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்ற முதல் அணியானது. ஆயத்தமாகக் கைக்குக் கிடைத்த இந்தப் பந்துவீச்சாளரை ஆயத்தப்படுத்தியது தமிழ்நாட்டின் உள்ளூர் கிரிக்கெட். 2023-24 ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டுக்குத் தலைமை ஏற்று 53 விக்கெட் எடுத்தார்; அந்தப் பருவத்தில் நாட்டிலேயே அதிக விக்கெட் எடுத்தவர் அவர்தான்.

பி. சாய் சுதர்சனின் கதை இன்னும் தெளிவான சான்று. 2019-20 பருவத்தில் சென்னை முதல் பிரிவு லீக்கான பாளையம்பட்டி ராஜா கேடயப் போட்டியில் ஆழ்வார்பேட்டை கிரிக்கெட் கிளப்புக்காக 635 ரன் எடுத்து அதிக ரன் குவித்தவராக இருந்தார். 2021 தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) தொடரில் லைகா கோவை கிங்ஸுக்காக 358 ரன் எடுத்தார். 2022 ஏலத்தில் அவருக்கு விழுந்த விலை 20 லட்சம், அடிப்படை விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட இல்லை. 2023 பிப்ரவரியில் டிஎன்பிஎல் தன் முதல் வீரர்கள் ஏலத்தை நடத்தியபோது கோவை அவரை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அதாவது, உலகின் பணக்கார கிரிக்கெட் போட்டி அவருக்குக் கொடுத்ததைவிட அதிகமாக ஒரு மாநில லீக் கொடுத்தது. யாருக்கு ஆளை முன்பே தெரிந்திருந்தது என்பதற்கு அந்த இரண்டு எண்களே சாட்சி.

மூன்று மாதம் கழித்து, 2023 ஐபிஎல் இறுதிப் போட்டியில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு எதிராக 47 பந்தில் 96 ரன் அடித்தார் சுதர்சன். சென்னைக்காரர் ஒருவரின் ஆட்டத்தால் சென்னை ரசிகர்கள் நகம் கடித்த இரவு அது. மழை குறுக்கிட, நள்ளிரவு தாண்டி சென்னையின் ரவீந்திர ஜடேஜா கடைசி இரண்டு பந்துகளில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்ததால்தான் கோப்பை சென்னைக்கு வந்தது. 2025 பருவத்துக்கு முன் குஜராத் சுதர்சனை 8.5 கோடிக்குத் தக்கவைத்துக்கொண்டது. அந்த ஆண்டு 759 ரன்னோடு, அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி அவருக்கு. ஜூனில் ஹெடிங்லியில் இந்தியாவுக்காக டெஸ்ட் அறிமுகம்.

குஜராத் அணியின் பங்கை இதில் மறுக்க முடியாது. 20 லட்சத்துக்கு எடுத்த இளைஞரை, சக வீரர் விஜய் சங்கர் காயமுற்றதும் களமிறக்கி, தோல்விகளுக்கு நடுவிலும் நம்பி, மூன்றாம் இடத்தில் நிலைநிறுத்தியது நெஹ்ராவும் கிர்ஸ்டனும் இருந்த அந்த அணிதான். சென்னையில் கேள்விப்பட்ட பெயரை நாடு கேட்கும் பெயராக்கியது ஐபிஎல். ஆனால் இருபது வயதில் அந்தத் தொழில்நுட்பத்தோடும் பொறுமையோடும் அவர் வந்து நின்றதற்கான பொறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. நிறுவனங்களின் ஆதரவில் அடுக்கடுக்கான பிரிவுகளாகப் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் சென்னை லீக், வயதுவாரி மாநில அணிகள், 2016இல் தொடங்கிய டிஎன்பிஎல், பெயர் வெளியே தெரியாத பயிற்சியாளர்கள் ஆகியோருக்கு அந்தப் பொறுப்பு உரியது.

எல்லாத் திசையிலிருந்தும்

தமிழ்நாட்டு வீரர்கள் இருவரும் விதிவிலக்கு அல்லர். 2022 குஜராத் அணியின் ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் இப்படி ஒரு நீண்ட பாதை இருக்கிறது.

உத்தரப் பிரதேசத்தின் அம்ரோஹா பகுதியில் பிறந்த ஷமிக்குச் சொந்த மாநிலத்தில் வாய்ப்பு அமையவில்லை. கொல்கத்தாவுக்குப் போய் டல்ஹவுசி, டவுன் கிளப் போன்ற கழகங்களில் ஆடித்தான் வங்காள அணிக்குள் நுழைந்தார். 2022இல் குஜராத்துக்காக 20 விக்கெட் எடுத்த கை கொல்கத்தா மைதானங்களில் பழகியது. சாஹா சிலிகுரியிலிருந்து வந்தவர், அவரை வளர்த்ததும் வங்காளம். ரஷீத் கான் ஆப்கானிஸ்தானின் நங்கர்ஹாரில் பிறந்தவர். போரால் பெயர்ந்த குடும்பங்கள் பாகிஸ்தான் அகதி முகாம்களில் கற்றுக்கொண்ட கிரிக்கெட்டே அந்நாட்டின் கிரிக்கெட்டுக்கு அடித்தளம். சொந்த மண்ணில் பன்னாட்டு ஆட்டம் நடத்த முடியாத நிலையிலும் அந்த வாரியம் ரஷீதைப் போன்றவர்களை உருவாக்கியது. அதே நாட்டைச் சேர்ந்த, அப்போது இளம் வயதினராக இருந்த நூர் அகமதுவை குஜராத் 30 லட்சத்துக்கு எடுத்தது. 2025 பருவத்துக்கான ஏலத்தில் சென்னை அவருக்குக் கொடுத்த விலை 10 கோடி.

வளரும் இடம் வேறு, ஆடும் அணி வேறு என்பதற்குக் குஜராத் மாநிலத்தின் கதையே நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஒரு மாநிலத்துக்குள் குஜராத், பரோடா, சௌராஷ்டிரா என்று மூன்று ரஞ்சி அணிகள் உண்டு. ஹார்திக் பரோடாவில் வளர்ந்தவர். அகமதாபாத்தில் பிறந்த ஜஸ்பிரீத் பும்ரா மும்பைக்கு ஆடுகிறார், குஜராத் ரஞ்சி அணியின் அக்சர் படேல் டெல்லிக்கு ஆடுகிறார். பிரான்சைஸ் அணி ஊரின் பெயரைச் சூட்டிக்கொள்ளும், வீரர்களை ஊருக்கு வெளியே தேடும். இதில் தவறு ஒன்றும் இல்லை. அஸ்வின் ராஜஸ்தானுக்கும் தெவாட்டியா குஜராத்துக்கும் ஆடியதைப் போன்ற மாற்றங்களால்தான் ரசிகர்களுக்கு இந்த லீக் இவ்வளவு சுவையாக இருக்கிறது. ஆனால் இப்படி வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஓர் அமைப்பு, எடுத்த இடத்துக்கு என்ன திருப்பித் தருகிறது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

பங்கு யாருக்கு?

மாநிலச் சங்கங்களுக்கு வாரியம் ஆண்டுதோறும் மானியம் தருகிறது. ஐபிஎல்லின் செழிப்பால் உள்ளூர் வீரர்களின் ஆட்ட ஊதியமும் உயர்ந்திருக்கிறது. நாற்பதுக்கு மேற்பட்ட ரஞ்சி ஆட்டங்கள் ஆடியவருக்கு 2021-22 முதல் நாளொன்றுக்கு 60,000 ரூபாய். நான்கு நாள் ஆட்டத்துக்கு 2.4 லட்சம். பழைய தலைமுறை ரஞ்சி வீரர்கள் கனவில்கூடக் காணாத தொகை இது, வரவேற்கத்தக்கது. 2022 பருவம் முடிந்ததும் ஆறு மைதானங்களின் ஆடுகளப் பராமரிப்பாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் 1.25 கோடி ரூபாயை வாரியம் பரிசாக அறிவித்தது. கண்ணுக்குத் தெரியாத உழைப்பை அங்கீகரிக்க மனமிருந்தால் வழியும் உண்டு என்பதை அந்த அறிவிப்பு காட்டியது.

ஆனால் மானியமும் பரிசும் சங்கத்தின் தலைமையகத்தோடும் வாரியத்தின் விருப்பத்தோடும் நின்றுவிடுகின்றன. பதினைந்து வயதுப் பையனுக்கு வலைப்பயிற்சி கொடுத்த கிளப்புக்கு, அவன் ஏலத்தில் எடுக்கப்படும்போது அந்த விலையிலிருந்து நேரடியாக ஒரு பங்கு போய்ச் சேர வழியில்லை. கால்பந்தில் இதற்கு விதி இருக்கிறது. ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு வீரர் நாடு விட்டு நாடு வேறு கழகத்துக்குப் போகும்போது, கைமாறும் தொகையில் 5 சதவீதத்தை, 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவருக்குப் பயிற்சியளித்த கழகங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது ஃபிஃபா. பிரேசிலின் ஏதோ ஒரு சிற்றூர்க் கழகம், தன்னிடம் பதினான்கு வயதில் ஆடிய பையன் ஐரோப்பாவில் விலைபோகும்போது அந்தப் பணத்தில் மைதானத்தைச் சீர்செய்துகொள்ள முடிகிறது.

இந்தியாவில் இந்த விதியைப் பொருத்திப் பார்க்கலாம். சாய் சுதர்சனின் முதல் விலையான 20 லட்சத்தில் 5 சதவீதம் ஒரு லட்சம். அவரைத் தக்கவைத்த 8.5 கோடியில் 5 சதவீதம் 42.5 லட்சம். அணி உரிமையாளருக்கு இது பெரிய தொகை அல்ல, வீரரின் ஊதியத்திலிருந்து கழிக்காமல் அணியே தனியாகச் செலுத்திவிடலாம். ஒரு லீக் கிளப்புக்கோ இதே பணம் வலைகள், ஆடுகளம், பந்துகள், பயிற்சியாளர் சம்பளம் என்று பல பருவங்களுக்குக் கைகொடுக்கும். சென்னையில் நிறுவனங்களின் ஆதரவு இருக்கும் கிளப்புகளுக்கு இது கூடுதல் உதவி. அப்படி ஆதரவு இல்லாத சிலிகுரிக்கும் அம்ரோஹாவுக்கும் அடுத்த பையனைக் கைவிடாமல் இருக்க இதுவே வழியாகலாம்.

அணிகளின் விற்பனையிலும் இந்தக் கொள்கை செல்லும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 2025இல் தன் ‘தி ஹண்ட்ரட்’ போட்டியின் எட்டு அணிகளிலும் பங்குகளை விற்றது. விற்பனைத் தொகையில் பத்தில் ஒரு பங்கு உள்ளூர்ப் பொழுதுபோக்கு கிரிக்கெட்டுக்கு, அதாவது ஊர்க் கழகங்களுக்கும் சிறுவர் ஆட்டத்துக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டது. மீதியில் பெரும்பகுதியை மாவட்டக் கழகங்கள் பகிர்ந்துகொண்டன. அந்த விற்பனையில் லீட்ஸ் நகரத்து அணியைச் சுமார் 10 கோடி பவுண்டு கொடுத்து முழுமையாக வாங்கியது சென்னையின் சன் குழுமம். யார்க்‌ஷயரின் ஊர்க் கழகங்களுக்குப் போகும் பணத்தில் சென்னையிலிருந்து போன பணமும் இருக்கிறது. இந்திய முதலாளிகள் இந்த நிபந்தனையைக் கண்டு பின்வாங்கவில்லை. மும்பை, லக்னோ, ஹைதராபாத், டெல்லி அணிகளோடு தொடர்புடையவர்கள் எல்லோரும் அந்த விற்பனையில் பங்கெடுத்தார்கள்.

2021இல் துபாயில் வந்த 12,715 கோடி ரூபாயில் பத்தில் ஒரு பங்கு என்றால் 1,271 கோடிக்கு மேல். நாட்டின் மாநிலச் சங்கங்கள் அத்தனைக்கும் பிரித்தாலும் ஒவ்வொன்றுக்கும் பல பத்துக் கோடி வரும், அதை நேரே கழக அளவுக்குக் கொண்டுசெல்ல நிபந்தனை போடவும் முடியும். அந்த வாய்ப்பு அப்போது நழுவிவிட்டது. ஐபிஎல்லின் நடப்பு ஊடக ஒப்பந்தம் 2027 பருவத்தோடு முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்துக்கான விதிகளையும் வீரர் ஊதிய விதிகளையும் வாரியம் புதிதாக எழுதியாக வேண்டும். பயிற்சியளித்த கழகத்துக்கு 5 சதவீதம், அணி விற்பனையிலும் பங்கு விற்பனையிலும் அடிமட்டக் கிரிக்கெட்டுக்கு 10 சதவீதம் என்ற இரண்டு விதிகளை அந்த ஆவணங்களில் சேர்க்கும்படி மாநிலச் சங்கங்கள் இப்போதே கோர வேண்டும். வாரியத்தின் பொதுக்குழுவில் வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் பெரும்பான்மை அந்தச் சங்கங்கள்தான். வீரர்களை அனுப்புவதும் அவையே.